மின்சிகரெட் பாட்களை வீட்டில் சுத்தமாக நிரப்பும் முறை

மின்சிகரெட்டில் திரவம் நிற்கும் சிறிய கார்ட்ரிட்ஜை, அதாவது பாட்டை, வீட்டில் தாமே நிரப்பிக்கொள்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நிரப்பிய கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் பிசுபிசுக்கிறது; இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்கிறது; சில வேளைகளில் ஆவிக்குப் பதிலாகத் திரவத் துளியே நாக்கில் படுகிறது; அல்லது முதல் இழுப்பிலேயே பஞ்சு கருகிய நெடி தொண்டையைப் பிடிக்கிறது. இவற்றுக்கெல்லாம் பாட்டின் தரத்தைக் குறை சொல்லிவிட்டு அடுத்ததை வாங்குவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை நிரப்பும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான் உருவாகின்றன. அதிலும் திரவம் எப்படி உள்ளே போகிறது என்பதைவிட, காற்று எப்படி வெளியே வருகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி திரவத்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் காற்றுக்கும் கொடுக்கிறது.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். புகைப் பழக்கமே இல்லாதவர்களுக்கு இந்தக் கருவியால் எந்தப் பயனும் இல்லை. ஏற்கெனவே இதைப் பயன்படுத்திவரும் வயதுவந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. மற்றொன்று சட்டம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு ஆகியவற்றைத் தடைசெய்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். எனவே, அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே கீழே உள்ளவை பொருந்தும்.

பாட்டுக்குள் என்ன நடக்கிறது

பாட் என்பது அடிப்படையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் நடுவில் ஒரு குழல் மேலே வாய்ப்பகுதி வரை செல்கிறது. அந்தக் குழலின் அடியில் காயில், அதாவது மின்சாரத்தால் சூடேறும் கம்பிச்சுருள், அமர்ந்திருக்கிறது. காயிலைச் சுற்றியோ அதன் ஊடாகவோ பஞ்சு வைக்கப்பட்டிருக்கும். தொட்டியில் உள்ள திரவம், பக்கவாட்டில் இருக்கும் சிறு துளைகள் வழியாகப் பஞ்சை நனைக்கிறது. பஞ்சு காயிலுக்குத் திரவத்தைக் கொண்டுபோகிறது. காயில் சூடாகும்போது அது ஆவியாகிறது. இந்த அமைப்பில் திரவத்துக்கும் நடுக்குழலுக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு நனைந்த பஞ்சுதான். ரப்பர் மூடியோ வால்வோ அங்கே கிடையாது.

அப்படியானால் திரவம் ஏன் சும்மா வழிந்து கீழே இறங்கிவிடுவதில்லை? தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு அதன் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால், கீழ்முனை திறந்திருந்தும் தண்ணீர் கொட்டாமல் நிற்கும் அல்லவா, அதே காரணத்தால்தான். மூடிய தொட்டியில் திரவம் சிறிது இறங்கினால் அதற்கு மேலே உள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் திரவத்தை மேல்நோக்கிப் பிடித்துவைக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பஞ்சு வழியாக ஒரு சிறு காற்றுக்குமிழ் உள்ளே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். போன திரவத்தின் இடத்தை நிரப்ப வரும் காற்று அது. அப்படிக் குமிழ் ஏறுவது பாட் சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

நிரப்பும் மூடியைத் திறக்கும் கணத்தில் இந்த ஏற்பாடு குலைகிறது. வெளிக்காற்று மேலே நுழைவதால் திரவத்தைப் பிடித்துவைத்திருந்த அழுத்த வேறுபாடு மறைந்து, திரவம் தன் எடையால் பஞ்சின் வழியே நடுக்குழலுக்குள் மெல்லக் கசியத் தொடங்குகிறது. மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் இந்தக் கசிவுக்குக் கிடைக்கும் அவகாசம். நிரப்பி முடித்து மூடியை அழுத்தும்போது இன்னொரு சிக்கல் வருகிறது: மூடியின் முளை துளைக்குள் புகும்போது அது பிடிக்கும் இடத்தின் அளவுக்கு உள்ளே இருப்பது ஏதாவது நகர்ந்தாக வேண்டும். தொட்டி விளிம்புவரை திரவத்தால் நிறைந்திருந்தால், திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால், அந்த அளவு திரவம் நேராகப் பஞ்சின் வழியே குழலுக்குள் தள்ளப்படும். மேலே சிறிது காற்று இருந்தால், காற்று சுருங்கி அந்த அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கசிவைப் பற்றிய முக்கால்வாசி அறிவு இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

திரவத்தைப் பற்றி

மின்சிகரெட் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின் ஆகிய இரண்டின் கலவை. அதில் சுவையூட்டியும் நிகோட்டினும் சேர்க்கப்படுகின்றன. புட்டியின் மேல் இவற்றைப் பி.ஜி., வி.ஜி. என்று சுருக்கமாகக் குறிப்பார்கள். இரண்டுக்கும் கெட்டித்தன்மையில் உள்ள வேறுபாடு பெரிது: அறை வெப்பநிலையில் கிளிசரின் மற்றதைவிட இருபது மடங்குக்கும் மேல் கெட்டியாக ஓடும். அதனால் வி.ஜி. விகிதம் கூடக்கூடத் திரவம் தடித்து, ஆவி அதிகமாகும். அதேவேளையில் சிறிய துளைகள் வழியே பஞ்சை அடைவதற்கு அதிக நேரம் பிடிக்கும்.

பாட்டின் மேல் பொறித்திருக்கும் ஓம் அளவை, அதாவது காயிலின் மின்தடையைப் பார்த்துத் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1 ஓம் அல்லது அதற்கு மேல் உள்ள சிறிய காயில்களுக்குச் சரிபாதிக் கலவை பொருந்தும். 1 ஓமுக்குக் கீழே, பெரிய துளைகளோடு வரும் காயில்களுக்கு 70 விழுக்காடு வி.ஜி. உள்ள கெட்டியான கலவை ஏற்றது. இதை மாற்றிச் செய்தால், சிறிய காயிலில் கெட்டித் திரவம் பஞ்சுக்குப் போய்ச் சேராமல் கருகும். பெரிய காயிலில் மெல்லிய திரவம் வெள்ளமாகப் புகுந்து கசியும். நிரப்பும் முறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இந்தப் பொருத்தம் தவறினால் அது கைகொடுக்காது.

நிகோட்டின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் திரவத்துக்கு 20 மில்லிகிராம், நிகோட்டின் உள்ள புட்டிக்கு 10 மில்லிலிட்டர், பாட்டுக்கு 2 மில்லிலிட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இதைக் கணக்காகப் பார்த்தால், 20 மில்லிகிராம் அளவுள்ள ஒரு சிறு புட்டியில் மொத்தம் 200 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கிறது. 2 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு முழுப் பாட்டுக்குள் 40 மில்லிகிராம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், சிந்திய திரவத்தை யாரும் அலட்சியமாகத் துடைத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

பாட்டுக்குள் ஊற்றக் கூடாதவை எவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர்கள் போயிருக்கின்றன. எந்த வகை எண்ணெயும், எண்ணெயில் கரைத்த எந்தச் சாரமும், சமையலுக்கான எசன்ஸும், வாசனைத் தைலங்களும் பாட்டுக்குள் போகக் கூடாது. எண்ணெய் தண்ணீரோடு கலவாதது. சூடாக்கி உள்ளிழுத்தால் அது நுரையீரலில் தங்கிக் கடும் அழற்சியை உண்டாக்கலாம். 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரையிலான கணக்குப்படி 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனார்கள். அவர்களில் 68 பேர் உயிரிழந்தது அதுவரை உறுதிசெய்யப்பட்டிருந்தது. கஞ்சாச் சாரம் கலந்த கார்ட்ரிட்ஜ்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு அந்தப் பாதிப்பு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. உண்பதற்குப் பாதுகாப்பான ஒரு பொருள் உள்ளிழுப்பதற்கும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. பொருள்களின் பட்டியலும் நிகோட்டின் அளவும் அச்சிடப்பட்டு, முத்திரை உடையாமல் வரும் திரவத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இடமும் கருவிகளும்

நிகோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லக்கூடியது. கையில் பட்ட திரவத்தை அப்படியே விட்டுவிட்டால் சிறிது நேரத்தில் குமட்டல், தலைச்சுற்றல், வியர்வை, படபடப்பு ஆகியவை வரலாம். மெல்லிய நைட்ரில் கையுறை போட்டுக்கொள்வது மிகையான எச்சரிக்கை அல்ல. குறிப்பாக, விரலில் கீறலோ வெடிப்போ இருந்தால் அது கட்டாயம். திரவம் தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது அலசிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அவசர மருத்துவ உதவியை அந்தக் கணமே அழைக்க வேண்டும். குழந்தை என்றால் ஒரு வாய் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆகையால் நிரப்பும் வேலைக்குச் சாப்பாட்டு மேசையும் சமையல் மேடையும் ஏற்ற இடங்கள் அல்ல. வெளிச்சம் நன்றாக விழும் ஒரு மேசையில், விளிம்பு உயர்ந்த சிறிய தட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைத்து, அதன்மேல் இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பரை விரித்துக்கொண்டால் சிந்துவது எல்லாம் அந்தத் தட்டோடு நின்றுவிடும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. புட்டியின் மூக்கு ஊசிபோல மெலிந்து நீண்டிருந்தால் அதுவே போதும். மூக்கு தடித்து, பாட்டின் துளை சிறிதாக இருந்தால் சிரிஞ்ச் வேண்டும். 3 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள, ஊசியைத் திருகிப் பூட்டும் வகை சிரிஞ்ச் வசதியானது. ஊசி கூர்மையற்ற மழுங்கல் முனையாக இருக்க வேண்டும். மருத்துவ ஊசியின் கூர்முனை விரலைக் குத்தினால் அது நிகோட்டினைத் தோலுக்கடியில் செலுத்தியதாகிவிடும். மேலும் அது ரப்பர் மூடியையும் பஞ்சையும் கிழிக்கும். சரிபாதிக் கலவைக்கு 18 கேஜ் ஊசி தாராளமாகப் போதும், கெட்டியான திரவத்துக்கு 14 கேஜ் நல்லது. இந்த எண் குறையக் குறைய ஊசியின் துவாரம் பெரிதாகும் என்பதை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டும். இரண்டு விதக் கருவிகளிலும் எனக்குச் சிரிஞ்சின் மீதே நம்பிக்கை அதிகம். புட்டியை அழுத்தும்போது எவ்வளவு வெளியே வருகிறது என்பது கையின் உத்தேசம். சிரிஞ்சில் அது கோட்டளவாகக் கண்முன் தெரிகிறது.

நிரப்புதல்

புட்டியை மூடியபடியே நன்றாகக் குலுக்கிவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை ஒரு நிமிடம் நிற்க விட வேண்டும். திரவம் மிகவும் கெட்டியாக இருந்தால், மூடிய புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்தெடுக்கலாம். கிளிசரின் வெப்பம் ஏறும்போது வெகுவாக இளகும். கொதிநீரும் மைக்ரோவேவ் அடுப்பும் வேண்டாம்.

பாட்டைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கருவியோடு வைத்தே நிரப்பும் வகைகளும் உள்ளன; ஆனாலும் கழற்றிச் செய்வதே பேட்டரிக்கு நல்லது. கழற்றிய பாட்டின் அடியில், மின்தொடுப்புகளைச் சுற்றி ஈரம் படிந்திருக்கும். அதை முதலில் துடைத்துவிட வேண்டும். இல்லையெனில், பிறகு தெரியும் ஈரம் பழைய ஆவி குளிர்ந்து படிந்ததா, புதிதாகக் கசிந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

பாட் முழுவதும் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். கால்பங்கு மீதமிருக்கும்போதே நிரப்பிவிட்டால் பஞ்சு ஒருபோதும் உலர்வதில்லை. காயிலின் ஆயுள் நீடிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

இப்போது ரப்பர் மூடியை விரல்நகத்தால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பித் திறக்க வேண்டும். மூடி பெரும்பாலும் ஒரு நுனியில் பாட்டோடு ஒட்டியே இருக்கும். அதைப் பிய்த்துவிடாமல் பக்கவாட்டில் மடித்துக்கொள்ள வேண்டும். பாட்டைச் செங்குத்தாகப் பிடிக்காமல், நிரப்பும் துளை மேலே வரும்படிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அடியில் உள்ள காற்றுத் துளையை விரல்நுனியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இப்படிக் காற்று நுழையும் வழியை அடைத்தால், மூடி திறந்திருக்கும்போது திரவம் குழலுக்குள் இறங்குவது ஓரளவு தடைபடும்.

ஊசிமுனையைத் துளைக்குள் செலுத்தித் தொட்டியின் உட்சுவரைத் தொடும்படி நிறுத்த வேண்டும். துளையின் முழு வாயையும் ஊசி அடைத்துவிடக் கூடாது. ஊசிக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே காற்று வெளியேற ஒரு சந்து இருக்க வேண்டும். அந்தச் சந்து இல்லாவிட்டால் உள்ளே போகும் ஒவ்வொரு துளியும் அதே அளவு காற்றைப் பஞ்சின் வழியாகத்தான் வெளியே தள்ளும். அந்தக் காற்று போகும்போது திரவத்தையும் கூட்டிக்கொண்டு போகும். சில பாட்களில் இரண்டு துளைகள் வைத்திருப்பதன் காரணம் இதுதான்: ஒன்றில் ஊற்றினால் மற்றது காற்றை விடும்.

பிறகு மெதுவாக அழுத்த வேண்டும். சரியான வேகத்தில் திரவம் சுவரோடு ஒட்டிய ஒரு மெல்லிய படலமாகச் சத்தமின்றி இறங்கும்; துளைவாயில் குமிழ் எதுவும் நிற்காது. வேகம் கூடிவிட்டால் படலம் துளையை அடைத்துக்கொண்டு, அங்கே ஒரு குமிழ் உப்பி, சட்டென்று வெடித்து, விரலிலும் தட்டிலும் துளிகளைத் தெறிக்கும். குமிழ் எழும்புவதைக் கண்டதும் அழுத்துவதை நிறுத்தி, ஊசியைச் சற்றே பின்னிழுத்து, அது உடையும்வரை பொறுத்திருக்க வேண்டும். கெட்டியான திரவத்தில் இந்தப் பொறுமை இன்னும் அதிகம் தேவை.

பாட்டின் மேல் அதிக அளவுக் கோடு இருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். கோடு இல்லாத பாட்டில், பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று மேலே இருக்கும்படி விட்டுவிட வேண்டும். 2 மில்லிலிட்டர் பாட் என்றால் 1.8 மில்லிலிட்டர் போதும். ஊசியை எடுக்கும்போது முனையில் தொங்கும் கடைசித் துளியைத் துளையின் உள்விளிம்பில் தொட்டு வழித்துவிட வேண்டும். துளையின் மேற்பரப்பை டிஷ்யூ பேப்பர் நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு மூட வேண்டும். ஈரமான பரப்பில் ரப்பர் மூடி வழுக்கும். மூடியதுபோல் தோன்றினாலும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி நின்றுவிடும்.

மூடும்போது அடிக்காற்றுத் துளையை அடைத்திருந்த விரலை எடுத்துவிட்டு, மூடியின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை உருட்டுவதுபோல அழுத்திக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரேயடியாகக் குத்தி அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி அடைபடும். அடுத்த கணம் பாட்டின் அடியில் ஒரு துளி அரும்புவதைப் பார்க்கலாம். இப்படித் துளி வந்தால் பதற வேண்டியதில்லை. வாய்ப்பகுதியைக் கீழாகவும் அடியை மேலாகவும் பிடித்து, டிஷ்யூ பேப்பரின் மேல் இரண்டு மூன்று முறை சுண்டிவிட்டால் குழலில் இறங்கிய திரவம் வெளியே வந்துவிடும்.

நிரப்பிய பின் காத்திருத்தல்

புதிய பாட் அல்லது புதிய காயில் என்றால் பத்து நிமிடம், கெட்டியான திரவம் என்றால் இன்னும் சற்று அதிகமாக, நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். உலர்ந்த பஞ்சு வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகத்தான் நனையும். காயிலைத் தொடும் நடுப்பகுதிதான் கடைசியில் நனையும் இடம். அது நனையும் முன் சூடேற்றினால் பஞ்சு கருகிவிடும். கருகிய பஞ்சின் சுவை அந்தக் காயிலை மாற்றும்வரை போகாது. இதில் சுவையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. திரவம் போதாமல் காயில் அளவுமீறிச் சூடாகும்போது, பி.ஜி.யும் வி.ஜி.யும் சிதைந்து ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே கருகல் நெடி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்னும் நாலு இழுப்பில் சரியாகிவிடும் என்று தொடரக் கூடாது. ஏற்கெனவே நனைந்திருந்த பாட்டை மறுபடி நிரப்பியிருந்தால் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

வேறு வகைப் பாட்கள்

வாய்ப்பகுதியைக் கழற்றி மேலிருந்து நிரப்பும் பாட்களில் நடுக்குழலின் வாய் திறந்தே இருக்கும். அதற்குள் ஒரு துளி விழுந்தாலும் அது நேராகக் காயிலின் மேல் இறங்கிக் களகளப்பை உண்டாக்கும். நிரப்பும் இடம் குழலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டே தொடங்க வேண்டும்.

காயிலைத் தனியாகப் பிடுங்கி மாற்றும் பாட்களில், காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய ஓ-ரிங் வளையங்கள்தான் கசிவைத் தடுப்பவை. காயிலைச் செருகும் முன் அந்த வளையங்களில் அதே திரவத்தை ஒரு துளி தடவினால், அவை மடங்காமல் வழுக்கி உட்காரும். வளையம் மடங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் எப்படி நிரப்பினாலும் கசியத்தான் செய்யும்.

ஆரம்பகால மின்சிகரெட்களில் தொட்டி கிடையாது. கார்ட்ரிட்ஜ் முழுவதும் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்து, அதில் திரவத்தை ஊறவைத்திருப்பார்கள். இன்றும் அந்த வகையைப் பயன்படுத்துபவர்கள், நடுக்குழலைத் தவிர்த்து ஓரப் பஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பஞ்சு பளபளக்கத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேல் விடும் துளிகள் பஞ்சில் தங்குவதில்லை.

நிரப்பியே விற்கப்படும், துளையோ மூடியோ இல்லாத பாட்களை நெம்பித் திறந்து நிரப்பும் வழிகளைப் பலர் செய்துகாட்டுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வாய்ப்பகுதியின் கொக்கிகள் ஒருமுறை நெம்பினாலே உடையவோ தளரவோ செய்கின்றன. முத்திரை பழையபடி பொருந்துவதில்லை. உள்ளே உள்ள காயிலும் ஒரு தொட்டித் திரவத்துக்காகவே செய்யப்பட்டது.

கசிவும் அதன் காரணங்களும்

நிரப்பும்போது எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தும் பிறகு கசிந்தால், பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்று விரிந்ததுதான் காரணம். பாட் வெயிலில் கிடந்த வண்டிக்குள் இருந்தால் காற்று விரிவதோடு திரவமும் இளகும். இரண்டும் சேர்ந்து பஞ்சைத் தாண்டித் தள்ளும். விமானத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். பறக்கும்போது விமான அறைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். தரையில் அடைபட்ட காற்று அங்கே கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடைப்பட்ட அளவு விரியும். பாதி நிறைந்த பாட்டுக்குள் காற்று அதிகம் என்பதால் அதுதான் அதிகம் கசியும். பயணத்துக்கு முன் பாட்டை முழுவதும் காலிசெய்து கழற்றிவிடுவது ஒன்றே நிம்மதியான வழி. கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி காரணமாகச் சரக்கறைப் பெட்டியில் மின்சிகரெட் வைக்க விமான விதிகள் அனுமதிப்பதில்லை.

மிகவும் பலமாக உறிஞ்சுவதும் கசிவுக்கு ஒரு காரணம். காயில் ஆவியாக்கும் வேகத்தைவிட உறிஞ்சும் வேகம் கூடினால் மீதித் திரவம் குழலில் தேங்கும். நிதானமாக, நீளமாக இழுக்கப் பழகினால் பல பாட்களின் களகளப்பு தானாகவே நின்றுவிடுகிறது.

திரவம் பாட்டுக்குள் வேகமாகக் கறுத்துவருவதும், சுவை மங்கி லேசான கருகல் கலப்பதும் காயில் மாற்ற வேண்டியதன் அறிகுறிகள். இனிப்பு அதிகம் உள்ள திரவங்கள் காயிலின் மேல் கருகிய படிவை உண்டாக்குவதால் அவற்றில் இது சீக்கிரம் நேரும். புட்டியில் இருக்கும்போதே திரவம் மெல்லப் பழுப்பாவது வேறு விஷயம்; ஒளியும் காற்றும் பட்டு நிகோட்டின் நிறம் மாறுவதால் வருவது அது.

நேரத்தை மிச்சப்படுத்தும் சில வழிகள்

ஒரே சுவைக்கு இரண்டு பாட்களை வைத்துக்கொண்டு, ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றதை நிரப்பி ஊறவிட்டால், காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். ஆனால் நிரப்பிய பாட்டை நாள்கணக்கில் சும்மா வைக்கக் கூடாது. நிமிர்ந்த நிலையில் வைத்தாலும் அது மெல்லக் கசியும். வெவ்வேறு சுவைகளுக்குத் தனித்தனிப் பாட்டும் தனித்தனிச் சிரிஞ்சும் வைப்பது நல்லது; பஞ்சில் ஊறிய பழைய சுவை எளிதில் போகாது.

நிகோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைக்க விரும்புபவர்கள், அதே தயாரிப்பின் நிகோட்டின் இல்லாத திரவத்தைச் சிரிஞ்சில் அளந்து கலக்கலாம். 20 மில்லிகிராம் அளவுள்ள திரவம் 3 மில்லிலிட்டரோடு நிகோட்டின் இல்லாதது 1 மில்லிலிட்டர் சேர்த்தால் 15 மில்லிகிராம் கிடைக்கும். சரிசமமாகச் சேர்த்தால் 10. இதற்குத் தனிப் புட்டி ஒன்றை வைத்து, அளவையும் தேதியையும் அதன்மேல் உடனே எழுத வேண்டும். அடர்நிகோட்டின் கரைசலை வாங்கி வீட்டில் கலக்குவதை முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். அதில் ஒரு சிறு கணக்குப் பிழையும் ஒரு சிறு சிந்தலும் உடலுக்குப் பெரும் கேடாக முடியும்.

வேலை முடிந்த பின்

சிரிஞ்சையும் ஊசியையும் வெந்நீரில் பலமுறை உறிஞ்சி வெளியேற்றிக் கழுவி, பிரித்து, உலர வைக்க வேண்டும். கருவியின் மின்தொடுப்புகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, அது முழுவதும் காய்ந்த பிறகே பாட்டைச் செருக வேண்டும். தட்டில் சிந்தியதை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். நிகோட்டின் பட்ட டிஷ்யூவையும் கையுறையையும் திறந்த குப்பைக் கூடையில் போடாமல், ஒரு பையில் இறுகக் கட்டி, குழந்தையும் நாயும் கிளறமுடியாத மூடிய தொட்டியில் போட வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கடைசியில் கையைக் கழுவ வேண்டும்.

புட்டிகளைக் குழந்தைகள் திறக்கமுடியாத மூடியோடு, பூட்டிய அலமாரியில், ஒளியும் சூடும் படாமல் வைக்க வேண்டும். பழ வாசனையும் வண்ணப் படமும் கொண்ட புட்டி குழந்தையின் கண்ணுக்குத் தின்பண்டமாகவே தெரியும். குளிர்ப்பெட்டியில் உணவுக்குப் பக்கத்தில் வைப்பதும், திரவத்தை வேறு பானப் புட்டியில் ஊற்றிவைப்பதும் கூடவே கூடாது.

பழைய திரவத்தைக் கழுவுதொட்டியிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. நிகோட்டின் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. தேவையற்ற திரவத்தையும், உள்ளே ஈரம் ஒட்டியிருக்கும் பழைய பாட்களையும் இறுக மூடிய ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, நச்சுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பழுதான கருவியை மின்னணுக் கழிவில் சேர்க்க வேண்டும். அதன் பேட்டரியை நசுக்கவோ துளைக்கவோ கூடாது, வீட்டுக் குப்பையோடு கலக்கவும் கூடாது.